இலவம்பஞ்சால் துரு எடுத்த பாலம்

ஒரு காட்டில் ஓர் இரும்புப் பாலம் இருந்தது. இரும்புப் பாலம் என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். பாதிக்கு மேல் துரு. அதைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கும் வேலை வேழமுத்து என்ற யானையின் தலையில் விழுந்தது. துதிக்கையால் மணலைப் பீய்ச்சியடித்துத் துருவைப் பெயர்ப்பான் அவன்.

வேலை செய்தவனே பாலத்தில் முதலில் நடந்து காட்ட வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். அதனால் வேழமுத்துவுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

எதைப் பீய்ச்சுவது என்று முடிவுசெய்ய நரியார் தலைமையில் குழு கூடியது. ஆமையும் முயலும் உறுப்பினர்கள்.

"ஆத்து மணல் வேணாங்க, தூசி நெஞ்சுல போய் உக்காந்துக்கும். எங்க சித்தப்பா இருமி இருமியே போய்ச் சேந்தாரு. கடலோரத்துல கிடைக்கிற கார்னெட் மணல் குடுங்க, கெட்டியான செம்மணல், தூசி அவ்வளவா பறக்காது. துரு போனாத்தான் எந்தத் தகடு ஓட்டைன்னு தெரியும்," என்றான் வேழமுத்து.

"எதையும் சோதிக்காம எடுக்க மாட்டோம்," என்றார் நரியார்.

சோதனை என்றால் தங்கள் மேலேயே தேய்த்துப் பார்ப்பது. என்ன ஒரு தியாகம்! ஆமையின் ஓட்டில் எதைத் தேய்த்தாலும், "தேய்ச்சிட்டீங்களா?" என்று அது கேட்டது. முயலோ கன்னத்தில் கார்னெட் பட்டதும் அலறியது.

"ஐயோ, தோல் உரியுது!"

"உரியத்தானேங்க வேணும்!" என்றான் வேழமுத்து.

"ஒரு கன்னத்துக்கே இவ்வளவு வலின்னா, பாவம், பாலத்துக்கு எப்படி இருக்கும்?" என்று நரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் இலவம்பஞ்சு வந்தது. முயல் சொக்கிப்போய்த் தூங்கியே விட்டது. பஞ்சு ஒருமனதாகத் தேர்வானது.

வேழமுத்து பீய்ச்சினான். துரு அசையவில்லை, பஞ்சுதான் அதில் ஒட்டிக்கொண்டது. அதன் மேலேயே பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். பாலம் பளபளத்தது. ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, நடக்கப்போகிற அவனுக்கும்தான்.

திறப்பு விழாவில் மேளம் கொட்டியது. நரியார் கரையில் நின்றுகொண்டு, "தைரியமா நட தம்பி, நாங்க இருக்கோம்," என்றார். வேழமுத்து பாலத்தில் ஏறினான். நாலாவது அடியில் தகடு கிழிந்தது. ஆற்றில் விழுந்தவனுக்கு முன்னங்கால் முறிந்தது.

குழு அன்றைக்கே கூடி விசாரித்தது. யானையின் எடைதான் காரணம் என்று தீர்ப்பானது. அடுத்த முறைக்கு மெலிந்த யானை ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அதே குழுவே நியமிக்கப்பட்டது.

நீதி: பொருளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் பாதகமில்லை, விழுகிற ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.