இடுப்பளவு தண்ணீர்

இந்த ஞாயிறு மஞ்சீரா ஆற்றில் இறங்கி மீன் பிடித்தே தீருவது என்று சம்பந்தம் முடிவு கட்டிவிட்டார். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவது கிழவர்கள் வேலையாம். ஓடுகிற தண்ணீரில் நின்று வீசணுமாம். நீச்சலா? அதற்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது.

மாரெட்பள்ளி வீட்டில் அவர் மனைவி புஷ்பா நிபந்தனை போட்டாள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. கம்பு ஊன்றிப் பார்க்காமல் காலடி வைக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் திரும்பிடணும்.

"மீறினா?"

"தூண்டில் பரணுக்குப் போயிடும்."

சம்பந்தம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, அதே நிறத்தில் மாற்று பேன்ட் ஒன்றையும் பைக்குள் திணித்துக்கொண்டார். முன்யோசனைக்காரர்.

ஆற்றில் இறங்கிய சற்று நேரத்தில் சத்தியம் தண்ணீரோடு போச்சு. நடு ஆற்றில் ஒரு மீன் துள்ளியது. விடுவாரா மனுஷன்? தொடை, இடுப்பு என்று ஏறியது தண்ணீர். காலடி மணல் நழுவ, ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உயிர் போய்விடும் என்றே நினைத்தார். கரையில் நின்ற ஆபீஸ் நண்பர் சலீம், "ஆகே நக்கோ சார், முன்னாடி போகாதீங்க. காலைத் தூக்காதீங்க. கம்பை ஊன்றி, தேய்ச்சுத் தேய்ச்சு வாங்க" என்று கத்தினார். சம்பந்தம் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து கரை சேர்ந்தார். நனைந்த பேன்ட் சலீம் வீட்டுக்குப் போனது. சட்டை உடம்பிலேயே காய்ந்தது.

வீட்டில் புஷ்பா பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"முழங்கால்கூட முழுசா நனையலை புஷ்பா."

"சந்தோஷம். சட்டையைக் கழட்டிக் குடுங்க, தோய்க்கணும்."

கழற்றினார். முன்பக்கம் வெள்ளை. பேன்ட்டுக்குள் சொருகியிருந்த பின்பக்கம் மயில் நிறம்.

"துணிக்குப் போடற நீலத்தைக் காலையில நீங்க போட்டுட்டுப் போன பேன்ட்டோட பின்பாக்கெட்டுல தெச்சு வெச்சேன். இடுப்பளவு தண்ணி வந்தாத்தான் கரையும்."

புஷ்பாவுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

"நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டறது?"

அவருக்கு மனசு இளகிவிட்டது. இனி நீச்சல் தெரியாமல் ஆற்றுப் பக்கமே போவதில்லை, கற்றுக்கொண்டுதான் மறுவேலை என்று தானாகவே வாக்குக் கொடுத்தார். புஷ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு போன வாரமே பேர் குடுத்துட்டேன்."

இப்போது ஞாயிறுதோறும் நீச்சல்குளத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்க, கடைசி ஆளாக நிற்கிறார் சம்பந்தம்.