கோணல் பாத்தி

இனிமேல் இந்தக் கை மண்வெட்டியைத் தொடாது என்று செகோபே ஏப்ரல் மாதம் ஒரு காலையில் சபதம் செய்தார். சபதத்தில் குற்றமில்லை. செய்த இடம்தான் தப்பு. மனைவி எதிரில் செய்துவிட்டார்.

வாலிபத்தையெல்லாம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் கரைத்துவிட்டு, லெசோத்தோ மலையில் சொந்த ஊருக்குத் திரும்பிய மனிதர். அங்கே ஏப்ரல் என்றால் குளிர்காலம் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். சுரங்கத்தில் மேஸ்திரி. அவர் ஆட்கள் வெட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்த்தால் நூல்தான் கோணலாகத் தெரியுமாம். இதை அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அடுத்தவனுக்காகப் பூமிக்கு அடியில தோண்டியாச்சு. போதும் புலெங்கம்மா. இனிமே பூமிக்கு மேல தோண்ட மாட்டேன்."

மகள் புலெங் கல்யாணமாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பெற்றவர்களை ஊர் புலெங்கப்பா, புலெங்கம்மா என்றுதான் கூப்பிடும். இவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான்.

"நீங்க தோண்ட வேணாம்," என்றாள் புலெங்கம்மா. "மேல் மலையில உறைபனி இறங்கிடுச்சு. முட்டைக்கோஸ் நாத்து பழுத்துக்கிட்டு நிக்குது. வெங்காயம் இன்னும் ஊனல. இந்த மாசம் வேர் பிடிக்கலேன்னா குளிர்காலம் முழுக்க வெறும் களிதான். உப்பைத் தொட்டுக்கிட்டு முழுங்குங்க."

செகோபேக்குக் களி பிடிக்கும். வெறுங்களி தொண்டையில் இறங்காது.

தோட்டமோ கையகலம் இல்லை. ஊரிலேயே பெரியது. காய்ந்த மக்காச்சோளத் தட்டையும் பூசணிக்கொடியுமாகக் கிடந்தது. அவர் சுரங்கத்தில் இருந்த வருஷமெல்லாம் அவள்தான் ஒற்றை ஆளாகக் கொத்தினாள். இந்த வருஷம் அவள் இடுப்பு முடியாது என்று சொல்லிவிட்டது.

செகோபே மோவாயைத் தடவினார். யோசனை வந்துவிட்டது.

"லெட்செமா கூப்பிடுவோம்."

லெட்செமா என்றால் கூட்டு வேலை. கூப்பிட்டால் ஊரே மண்வெட்டியோடு வரும், கூலி கிடையாது. வீட்டுக்காரன் கள்ளும் கறியும் போட வேண்டும். அவர்கள் கூப்பிடும்போது இவனும் போக வேண்டும். கடைசி சங்கதியைப் பற்றி செகோபே கவலைப்படவில்லை. அன்றைக்கு முதுகு வலிக்கும் என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்.

"நீ சோளக் கள்ளு காய்ச்சு. நான் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்க்கிறேன்."

"நல்ல யோசனைங்க. வீடு வீடாப் போய் நானே அழைச்சிட்டு வந்துடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

மனைவி உடனே சரி என்று சொன்னால் புருஷன் உஷாராக வேண்டும். செகோபேக்கு மனசு குளிர்ந்தது.

குறித்த நாள் வந்தது. ஆறு வீட்டிலிருந்து ஆறு ஆண்கள் வந்தார்கள். செகோபே புதுக் கம்பளியைப் போர்த்தி, புல் தொப்பி வைத்து, நாற்காலியில் சாய்ந்தார். ஊர்த் தலைவன்கூட இப்படி உட்கார்ந்ததில்லை. ஆனந்தம் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தோலாங் முதல் பாத்தியை ஆரம்பித்தான். கோழி கிளறியதுபோல மேலாகக் கீறினான். பாத்தி வடக்கே புறப்பட்டு மேற்கே போய்ச் சேர்ந்தது.

"டேய் தோலாங், அது என்ன பாத்தியா, பாம்பு போன தடமா?"

"நேராத்தானே அண்ணே போறேன்?"

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? ஏய் மொலெலேகி, என்ன பண்றே? பட்டி எருவை அப்படிக் குவிச்சு வெச்சா நாத்து வெந்து போயிடும்டா. பரப்பு."

மொலெலேகி பரப்பினான். வேலிக்கு வெளியே பாதி பரப்பினான்.

"கட்டியை உடைக்க மாட்டியா?"

"இது கட்டியா? நான் கல்லுன்னு நினைச்சேன் அண்ணே."

செகோபேயின் நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தார். தோலாங் அடுத்த பாத்திக்கு நகர்ந்தான். அது முதல் பாத்தியின் மேலேயே ஏறிப் படுத்தது. மேஸ்திரி ரத்தம் கொதித்துவிட்டது. கம்பளி ஒரு பக்கம் போனது. தொப்பி ஒரு பக்கம் போனது.

"கொடுடா இங்க. பாத்தின்னா என்னன்னு ஒரே ஒரு தடவை காட்டறேன். கண்ணைத் திறந்து வெச்சுப் பாருங்க."

காட்டினார். கயிறு கட்டினார். முழங்கால் ஆழம் வெட்டினார். மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம். நடுவில் மக்கின எரு, சாம்பல். மண்ணை மூடி நிரவினார். பாத்தி கோடு போட்டது மாதிரி நின்றது.

ஆறு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"அடேயப்பா," என்றான் மொலெலேகி. "இது கையா, யந்திரமா? அண்ணே, எரு போடற இடத்துல கண்ணு சிமிட்டிட்டேன். இன்னொரு தரம்?"

இன்னொரு தரம் காட்டினார். தோலாங் தடியை உயர்த்திப் புகழ்ப்பாட்டு எடுத்தான். மலையைத் துளைத்த மகன் வந்தான், பூமி அவன் பேர் கேட்டு இரண்டாய்ப் பிளந்தது என்று பாடினான். சமையல் கொட்டாயிலிருந்து புலெங்கம்மா குலவையிட்டாள். குலவை கேட்டுச் சும்மா நிற்கிற ஆண்பிள்ளை உண்டா? செகோபே மூன்றாவது பாத்தியில் இறங்கினார். நான்காவதைக் கேட்காமலே வெட்டினார். அப்புறம் மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. கேட்டவனையும் திட்டித் தள்ளினார்.

பொழுது சாய்ந்தபோது தோட்டம் முழுக்கத் தயார். ஆறு பேரும் செய்தது, நாற்றும் வெங்காயமும் ஊன்றித் தண்ணீர் ஊற்றி, காய்ந்த புல்லைப் பரப்பியதுதான். செகோபே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர முடியவில்லை. இருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நேர்கோடு. இந்த மலையிலேயே இப்படி ஒரு தோட்டம் கிடையாது. அதுவும் தன் கை வெட்டியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவருக்கு.

கள்ளுப் பானை வந்தது. மூன்றாவது சுற்றில் தோலாங் செகோபேயின் தோளில் சாய்ந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"நீ என்னடா பட்டே?"

"நானும் மண்ணுல பொறந்தவன் அண்ணே. கோணலா வெட்டறது அவ்வளவு லேசில்ல. கை தன்னால நேராப் போகுது. இழுத்து இழுத்து வளைச்சேன்."

"எதுக்குடா வளைச்சே?"

"அண்ணிதான் சொல்லிட்டாங்களே. நல்லா வெட்டினவனுக்குக் கள்ளு கிடையாதுன்னு."

மொலெலேகி தோலாங்கின் விலாவில் குத்தினான். நேரம் கடந்துவிட்டது. மற்றவர்கள் கள்ளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சிரிப்பில் பானை குலுங்கியது.

செகோபே கொட்டாய்க்குப் போனார். நடந்து போனார் என்று சொல்ல முடியாது. வளைந்து போனார்.

"புலெங்கம்மா."

"முதுகுக்கு எண்ணெய் காய்ச்சி வெச்சிருக்கேன். திரும்புங்க."

திரும்பினார். அவள் தேய்த்தாள். சுகமாக இருந்ததால் கோபத்தைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டார்.

"என்னை நல்லா ஏமாத்திட்டே."

"தோட்டம் எப்படி இருக்கு?"

"தோட்டத்துக்கு என்ன, ராஜா தோட்டம். பேச்சை மாத்தாதே. சனிக்கிழமை தோலாங் வீட்டு லெட்செமா. முதுகு வலின்னு படுக்கலாம்னு இருந்தேன். இப்போ போகத்தான் போறேன். போய், அவன் வெட்டினதைவிட மோசமா வெட்டறேன். ஆறு வீட்டுலயும் அப்படியே. ஒரு பாத்தி நேரா இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடு."

புலெங்கம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, நோகாமல் தேய்த்தாள்.

"உங்களால மோசமா வெட்ட முடியாது, புலெங்கப்பா. அதை நம்பித்தானே, நீங்களே வந்து இதே மாதிரி வெட்டித் தருவீங்கன்னு ஆறு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன்."