முதல் தட்டு போன விதம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. உடம்பு நலம், மனசு நலமில்லை. மாவுக்கட்டுப் போட்ட உன் கால் நல்லபடியாகக் கூடி வரட்டும். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே படி. சாய்ந்துகொண்டே படி.

இதைப் போனில் சொல்ல நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் நீ முந்திக்கொண்டு, அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்றாய். என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை, உன் அண்ணி உட்பட. அதைக் கேட்டபின் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

நீ உன் மீன் குஞ்சுப் பொரிப்பகத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, உன்னை வண்டியில் ஏற்றிய பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். சாவி கைக்கு வந்தது, விவரம் வரவில்லை. நாலு தட்டு நிறைய மீன் முட்டை, மேலே சலசலவென்று தண்ணீர். செத்த முட்டைகளைத் தினமும் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடு, இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னாய். செத்தது எப்படி இருக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷம் கிடங்கில் மொச்சைப் பயறுக்குத் தரம் பார்த்தவன் அதையெல்லாம் கேட்பானா? கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்தால் முதல் தரம். நிறம் மங்கி, உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் வண்டு அரித்தது, தூக்கிப் போடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணராவி! பத்தில் ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது. மற்றதெல்லாம் தேன் நிறத்தில், உள்ளே இரண்டிரண்டு கறுப்புப் புள்ளியோடு இருந்தன. இவ்வளவு வண்டு தண்ணீருக்குள் எப்படிப் போயிற்று என்று ஆச்சரியப்பட்டேன், சந்தேகப்படவில்லை. கழிவு கொஞ்சம் அதிகம் என்று உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு பெருமூச்சு விட்டு, "முதல் ஈடு அப்படித்தான் இருக்கும்ணா, பாக்காம எடுத்துடு" என்றாய். எடுத்துவிட்டேன். அந்த ஒரு தட்டின் முன்னாலேயே மூன்று நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால், நான் பொறுக்கி வைத்த முதல் தர முட்டைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் கிளம்பியிருந்தது. முளை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே. பக்கத்துத் தக்காளித் தோட்டக்காரரைக் கூப்பிட்டுப் பெருமையாக வேறு காட்டினேன். அவர் பார்த்த பார்வையில் முளை இல்லை என்று புரிந்தது. அவருக்கும் அந்த வாரம் போறாத காலம். செடியெல்லாம் வெந்த மாதிரி கறுத்து, இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நம் பொரிப்பகத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துதான் அவர் செடி கெட்டது என்று அவர் சொல்ல, அவர் செடியிலிருந்து காற்றில் வந்துதான் என் முட்டை கெட்டது என்று நான் சொல்ல, இரண்டு கிழவர்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒரு மணி நேரம் கத்தினோம். அவர் என்னை மீன் வக்கீல் என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

செடியைப் பார்க்க வந்த பயிர் நோய் அதிகாரி அம்மாதான் வழக்கைத் தீர்த்தார். இரண்டுமே நீர்ப்பூஞ்சைதானாம். ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் அதனதன் சாப்பாடு வேறு. தக்காளியைத் தின்பது மீன் முட்டையைத் தொடாது, இது அதைத் தொடாது. இன்னும் கேள், இரண்டும் அசல் பூஞ்சையே இல்லையாம், கடல்பாசிக்குத்தான் நெருக்கமாம். காளானுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு திரிகிறது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கும் இப்படிச் சில பேர் வருவதுண்டு.

பிறகு அந்த அம்மா தட்டைப் பார்த்தார். நான் எதை எடுத்தேன், எதை வைத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஐயா, வெள்ளையாயிட்டா அது செத்ததுங்க. பூஞ்சை முதல்ல அதுமேலதான் வரும். அந்தக் கறுப்புப் புள்ளி வண்டு இல்லைங்க, குஞ்சோட கண்ணு."

கண்ணாம். மூன்று நாளாக அத்தனையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. நான் ஒவ்வொன்றாக எடுத்து எருக்குழியில் போட்டிருக்கிறேன். நீ இரண்டு வருஷம் தோற்று, மூன்றாம் வருஷம் உன் சொந்த மீன்களிடமிருந்து எடுத்த முதல் ஈடு இது. அந்த அம்மா போன பிறகு குழியோரம் உட்கார்ந்து அழுதேன். தோட்டக்காரர் வேலி தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பாதித் தோட்டம் போய்விட்டது.

மற்ற மூன்று தட்டுகளிலும் வெள்ளையானதை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த அம்மா சொன்ன அளவில் உப்புக் கரைசல் காட்டினேன். தண்ணீரில் பூஞ்சையின் விதை நீந்திப் போகுமாம். அதனால் தட்டுக்கு ஒரு குழாய் வைத்திருக்கிறேன், தட்டு மாறும்போதெல்லாம் கை கழுவுகிறேன். விரல் வெளுத்துச் சுருங்கிவிட்டது. ஆனாலும் என் கண் மேல் எனக்கே நம்பிக்கையில்லை. மாப்பிள்ளையையோ விவரம் தெரிந்த வேறு யாரையோ உடனே அனுப்பு. சாவியைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்த ஜென்மத்தில் இனி எதற்கும் தரம் பார்க்க மாட்டேன்.

என்னைத் திட்டு, ஆனால் காலை ஆட்டாமல் திட்டு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் மீன்களைக் கொன்ற
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் திரும்பி வந்து எழுதுகிறேன். மூன்றாம் தட்டில் பொரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணப் பார்த்தேன், நிற்க மாட்டேன் என்கிறதுகள். யாரையும் அனுப்பாதே. வந்தாலும் சாவி தர மாட்டேன். நீயும் அவசரப்பட்டு எழுந்து நடக்காதே. வால் கோணலாக ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. அது தேறாது, எடுத்துவிடு என்று தோட்டக்காரர் சொல்கிறார். நான் எடுப்பதாக இல்லை.