ராணி வீட்டுக்கு நான் கழித்த நாவூறு

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாய் புகழத் தொடங்கிவிடும். பல் பிடுங்கப் போன இடத்தில், குறட்டைக் கையில் எடுத்த வைத்தியரைப் பார்த்து, "நல்ல வடிவான குறடு" என்று சொன்னவன் நான். (அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விறைப்பூசியைக் கொஞ்சம் கூடவே ஏற்றினார்.) இந்த வியாதி என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரில் அப்போது எனக்கு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வாடகை அறையும், புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலையும் இருந்தன. புரோசார்டில் இருக்கும் அக்கா, வதனி என்ற பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சம்மதம். வதனிக்குத்தான் ஒரு நிபந்தனை இருந்தது. தட்டில் தேத்தண்ணி ஏந்திக்கொண்டு வந்து நிற்க மாட்டாளாம். "என்னைப் பாக்கவேணும் எண்டால் நான் வேலை செய்யிற இடத்துக்கு வரட்டும். நானும் அவரைப் பாக்கவேணும்தானே?" என்றாளாம்.

அவளுக்கு ஒரு நூதனசாலையில் வேலை. அந்தக் குளிர்காலத்தில் அங்கே ஐரோப்பாவிலிருந்து ஒரு பொம்மை வீடு காட்சிக்கு வந்திருந்தது. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் வீடு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு ராணிக்காகத் தச்சரும் தட்டாரும் தையற்காரரும் கூடிச் செய்த அரண்மனை. உயரம் மட்டும் என் நெஞ்சளவு.

"டேய், வாயைக் குறை. இதையும் கெடுத்துப்போட்டு வராதை," என்று அக்கா தொலைபேசியில் எச்சரித்தார். நானும் மெட்ரோவால் இறங்கியதும் பெரிய புதினா இனிப்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் மணக்கும், அடைத்தும் இருக்கும் என்பது என் திட்டம்.

வாசலில் வதனியின் அம்மா, குளிர் அங்கிக்குள் முகம் மட்டும் தெரிய நின்றார். "வாங்கோ தம்பி," என்று கூட்டிப்போனார். உள்ளே மங்கலான வெளிச்சம். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வீடு, அறைக்கு அறை குட்டி விளக்குகள் எரிய நின்றது. பக்கத்தில் கறுப்புச் சட்டையோடு வதனி. படத்தில் இருந்ததைவிட வடிவு. எனக்குத் தொண்டை வறண்டது.

"உந்தக் குட்டிக் கதிரை மேசையளை நான்தான் துடைச்சனான்," என்றாள். "இடுக்கியாலை தூக்கி, தூரிகையாலை தூசி தட்டவேணும். மூச்சுக்காத்துப் படக்கூடாது எண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் செய்வம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனதில் எழுதி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஒரு கூட்டம் வந்துவிட, அவளுடைய மேலாளர் மதாம் லூசி கூப்பிட்டார். வதனி அந்தப் பக்கம் போனாள். நானும் வருங்கால மாமியும் தனித்துவிடப்பட்டோம். வியாதி தொடங்கியது.

"என்ன மாமி இது, கரண்டி ஒவ்வொண்டும் அரிசியளவு! அதிலை பூ வேலையும் கிடக்கு!"

"ஓம் தம்பி. கக்கூசும் வைச்சிருக்கினம், பாத்தனீங்களே? மூடியோடை," என்றார் மாமி. "அம்மிதான் இல்லை."

அந்தக் கம்பளத்தைப் பாருங்கள், புத்தகத்தைப் பாருங்கள், இந்தக் குழாயில் தண்ணீர்கூட வருமாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். படிக்கட்டின் கைபிடியைப் புகழ்ந்தேன். உடுப்புக் கூடையைப் புகழ்ந்தேன். மாமிக்கு முகம் மாறத் தொடங்கியது. "போதும் தம்பி. உப்பிடிப் புகழ்ந்தால் நாவூறு பட்டிடும், கண் படுற மாதிரி. என்ரை பிள்ளை பொறுப்பா நிக்கிற சாமான்."

நிறுத்தியிருக்கலாம். "இப்பிடி ஒரு வீடு உலகத்திலையே இராது மாமி!" என்றேன்.

பொசுக்கென்று அரண்மனையின் விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

"ஐயோ, பட்டிட்டுது!" மாமி நெஞ்சில் கை வைத்தார்.

ராணி வீட்டை நாசமாக்கிவிட்டேன். வதனிக்கு வேலை போய்விடும். இனி அவள் என் முகத்தில் முழிப்பாளா? பார்த்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஆனாலும் அவளை இழக்க எனக்கு மனமில்லை. அதுதான் உண்மை. நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாய்க்கும் நெருப்புக்கும் அங்கே எங்கே போவது? கைவசம் இருந்தது வாய் ஒன்றுதான். அம்மா சின்ன வயதில் எனக்குச் செய்ததுபோலக் குனிந்து, கண்ணாடிக்குக் கிட்டப் போய், "தூ! தூ! தூ!" என்றேன்.

முதல் இரண்டும் சாஸ்திரப்படி வெறும் சத்தம்தான். மூன்றாவதோடு புதினா இனிப்பும் புறப்பட்டது. போய் ராணியின் படுக்கையறைக்கு நேரே கண்ணாடியில் ஒட்டி, பௌர்ணமி நிலவுபோல நின்றது.

"மெஸ்யூ!"

காவலாளி ஓடிவந்தார். ராணியின் வீட்டின்மேல் துப்பினாயா என்று பிரெஞ்சில் கேட்டார். விளங்கியது. ஆனால் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் கிடங்கில் லொறிக்காரர்களோடு கதைத்துப் பழகியது. அதில் பொருத்தமானதைத் தேடிப் பிடித்து, மிக மரியாதையாகச் சொன்னேன்: "பெட்டி நனைந்துவிட்டது, மெஸ்யூ. உள்ளே சாமானுக்குச் சேதமில்லை. எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?"

காவலாளி வாயைத் திறந்தபடி நின்றார். வதனியும் மதாம் லூசியும் விரைந்து வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அரண்மனை விளக்குகள் திரும்பவும் எரிந்தன.

"பாத்தியளே, கழிஞ்சிட்டுது!" மாமி கைகூப்பினார். "கைராசிக்காரப் பிள்ளை!" (கை இதில் எங்கே வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

"அம்மா, பேசாமல் இருங்கோ," வதனி பல்லைக் கடித்தாள். "பழைய துணியளுக்கு வெளிச்சம் கூடினால் நிறம் போயிடும். இடைக்கிடை லைற் தானா நிண்டு தானா எரியும்." பிறகு கையுறை போட்டு, என் பௌர்ணமியைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்தாள். மதாம் லூசிக்குப் பிரெஞ்சில் எதையோ நெடுநேரம் விளக்கினாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அரிசியளவாகச் சுருங்கினேன். கதை முடிந்தது, அக்காவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு குளிர் அங்கியைக் கையில் எடுத்தேன்.

வதனி வாசல்வரை வந்தாள். "நீங்கள் உண்மையா உதுகளை நம்புறீங்களோ?"

கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். உண்மைதான் வந்தது. "இல்லை. உங்கடை வேலை போயிடும் எண்டு பயந்திட்டன். அந்த நேரத்திலை வேறை ஒண்டும் தெரியேல்லை."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "அடுத்த முறை இனிப்பில்லாமல் வாங்கோ," என்றாள். அடுத்த முறை! அதற்குப் பிறகு மெட்ரோவைத் தவறவிட்டதுகூட எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு மதாம் லூசியும் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடைக்கு வந்து வதனியை மேலும் கீழும் பார்த்து, அழகு, அழகு என்று கன்னத்தைத் தொட்டார். பிறகு திடீரென்று ஏதோ நினைவு வந்தவராக நன்றாகப் பின்னுக்குத் தள்ளி நின்று, ஒரு துளி படாமல், "தூ, தூ, தூ" என்றார். சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. "பாத்துப் பழகுங்கோ," என்று வதனி என் காதில் சொன்னாள்.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் எங்கள் மகள். போன கிழமை ஒரு விருந்துக்குப் புறப்பட, வதனி புதுச் சேலையோடு அறையை விட்டு வந்தாள். இத்தனை வருடமாகியும் அவளைப் பார்த்தால் எனக்குத் தொண்டை வறளத்தான் செய்கிறது. வாயைத் திறந்தேன்.

மகள் கைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அம்மா, தள்ளி நில்லுங்கோ. அப்பா புகழப் போறார்."