ஹெய்பத் ஹீட்டர் ஃபேனைச் சரிசெய்த கதை

இந்த வருஷம் சில்லா இரவுக்கு மாமியார் வீட்டுப் படியேறுவதில்லை என்று ஹெய்பத் தீர்மானித்துவிட்டான்.

லேசான தீர்மானமா அது? குளிர்காலத்தின் முதல் ராத்திரி. அவன் குடியிருக்கும் தப்ரீஸ் நகரத்தில் மானமுள்ள மருமகன் எவனும் அன்றைக்கு தர்பூசணியும் கையுமாக மாமியார் வாசலில் நின்றாக வேண்டும். ஹெய்பத்தின் மாமியாரோ மலைக்கு அந்தப் பக்கம், அர்தபீலில். அவன் டீயை எடுத்தால் அந்த அம்மாள் சர்க்கரைக் கிண்ணத்தை ஒளித்து வைப்பாள். சிகரெட்டை எடுத்தால் ஜன்னலைத் திறந்துவிடுவாள். அர்தபீல் குளிரில், ஐயா, ஜன்னலை!

அந்த நேரம் பார்த்துத்தான் அவனுடைய கிழட்டுக் காரில் ஹீட்டர் ஃபேன் நின்றுபோனது. எஞ்சின் கொதித்தாலும் உள்ளே ஒரு பொட்டு சூடு வரவில்லை.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி குல்நாஸ்.

"மெக்கானிக்கா? அப்போ நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தாங்க நானும் ரொம்ப வருஷமா யோசிக்கிறேன்."

ஹெய்பத் ஸ்க்ரூ டிரைவரோடு கீழே போனான். சில்லா முடியும்வரை வேலையை இழுப்பதுதான் திட்டம். தலைகீழாக டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து ஃபேனைக் கழற்றினான். உள்ளே ஒரு கூடை காய்ந்த இலை. தட்டினான், துடைத்தான், மாட்டினான். பார்த்தால் வயர் பிளக்கும் தளர்ந்து தொங்கியது. சும்மா ஒரு அழுத்து அழுத்தினான். சாவியைத் திருப்பினான். விர்ரென்று சுற்றியது!

வாழ்நாளில் அவன் சரிசெய்த முதல் பொருள். சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அனல்காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் மாமியார் ஞாபகம் வந்தது. அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடியேறினான்.

"மோட்டாரே போச்சு குல்நாஸ். இந்த மாடலுக்குப் பார்ட்ஸே கிடைக்காதாம். நாம எப்படி மலையைத் தாண்டுறது? விறைச்சுப் போயிடுவோம்."

"ஐயோ பாவம்" என்றாள் குல்நாஸ். யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் குப்பையைக் கொட்டிவிட்டு வருவதாகக் கீழே போய் வந்தாள். வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு, அவன் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கென்ன, ஹெய்பத்துக்கு வாயா இல்லை! "அத்தை, உங்களைப் பாக்காம கண்ணு பூத்துப் போச்சு. இந்தப் பாழாப்போன ஃபேன் மட்டும் ஓடினா, நானே வந்து உங்களைத் தலைமேல தூக்கிட்டு வந்துடுவேன். குளிர்காலம் முழுக்க எங்களோடதான் இருக்கணும்."

"எதுக்கு மாப்ளே உங்களுக்குச் சிரமம்?"

"சிரமமா? இது உங்க வீடு அத்தை. வந்தே ஆகணும்."

"வேணாம் மாப்ளே. வயசானவ, பாரமா இருப்பேன்."

அந்த ஊர் உபசாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு தரம் அழைத்தால் மரியாதை. மூன்றாம் தரமும் அழைத்தால் நிஜம். ஹெய்பத் எப்போதும் இரண்டோடு வாயை மூடிக்கொள்கிறவன். ஆனால் இன்றைக்குத்தான் வண்டி படுத்துவிட்டதே, பயமென்ன?

"நீங்க வரலைன்னா எனக்குச் சோறு இறங்காது அத்தை! என் மேல சத்தியம்!"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இவ்ளோ ஆசையா கூப்பிடுறப்போ மறுத்தா நல்லாவா இருக்கும்? வண்டி சரியானதும் வாங்க மாப்ளே."

ஹெய்பத் வெற்றியோடு மீசையை நீவினான்.

"வண்டி சரியாயிடுச்சும்மா" என்றாள் குல்நாஸ், போனுக்குக் குனிந்து. "உன் மாப்பிள்ளைதான் சரி பண்ணினாரு. கெட்டிக்காரரு."

"ஏய், அது ஓடலைன்னு சொன்னேனே!"

"ஊர் முழுக்க கார் கண்ணாடியில பனி படிஞ்சு கெடக்கு, நம்மதுல மட்டும் உருகி வழியுது. மாடியிலேர்ந்து எனக்குத் தெரியாதா? பிளக்கு கழண்டு கெடந்துச்சு. சொருகிட்டு வந்தேன்."

ஹெய்பத் போனை அணைக்கப் பொத்தானைத் தேடினான்.  அதற்குள் போன் பேசியது.

"மாப்ளே, பின்சீட்டுல என் தையல் மெஷினுக்கு எடம் இருக்குமில்ல?"