நிழலுறங்கிக்கு ஒரு பாலம்

"நிழலுறங்கிக்கு ஏன் இன்னும் பஸ் விடலை?" என்று அதிகாரி கேட்டதும், வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நிழலுறங்கி என்று ஒரு ஊரே கிடையாது. அவர் ஆறு வருஷமாக எழுதிவரும் மாயாஜால நாவலில்தான் அது உண்டு. பேசும் ஆமைகள் ஆளும் அந்த நாட்டுக்கு ஒரு வரைபடம் வேண்டுமே என்று, வேலை குறைந்த மதியங்களில் ஆபீஸ் தாளில் ஆபீஸ் மையால் வரைந்திருந்தார். வடக்கே மூக்கறுந்தான் மலை, குறுக்கே முனகலாறு, அக்கரையில் நிழலுறங்கி. தொழில் சுத்தம் சும்மா இருக்க விடவில்லை. அளவு, திசைக்குறி எல்லாம் கச்சிதம். அது எப்படியோ சாலைத் திட்டக் கோப்புக்குள் புகுந்து, நாலு மேஜை ஏறி இறங்கி, நாலு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு இப்போது அதிகாரியின் மேஜைமேல் வந்து படுத்திருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். ஆபீஸ் நேரத்தில் ஆமைகளுக்கு ஊர் கட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ரொம்பச் சின்ன ஊர் சார். பஸ் விட்டாலும் ஏற ஆள் இருக்காது."

"எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கமெல்லாம் நான் சுத்தாத சுத்தா?" தனக்குத் தெரியாத ஊர் ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அதிகாரிக்கு இல்லை. "பஸ் இல்லாததாலதான் ஆள் இல்லை."

"குறுக்கே ஆறு ஓடுது சார். பாலம் கிடையாது."

"அப்படிச் சொல்லுங்க," என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். பாலத்துக்கு உத்தரவாயிற்று.

மறுவாரம் டிராஃப்ட்ஸ்மேன், ஊர்மக்கள் அனைவரும் வேறிடம் போய்விட்டதாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார்.

"பாவம், பிள்ளைங்க படிப்புக்காகப் போயிருப்பாங்க," என்றார் அதிகாரி. பள்ளிக்கூடத்துக்கும் உத்தரவாயிற்று.

கடைசியில், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பிளேடை எடுத்து வரைபடத்திலிருந்து ஊரைச் சுரண்டி எடுத்தார். பிரதிகள் எட்டுத் துறைகளுக்குப் போய்விட்ட விஷயம் அவருக்குத் தெரியாது.

"போன வாரம் இருந்த ஊர் இந்த வாரம் எங்கே?" அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எவனோ ஊரையே வளைச்சுப் போட்டிருக்கான். இதை விசாரிக்க நேர்மையான ஆள் வேணும். நீங்களே விசாரிங்க."

தன்னைத் தானே மூன்று நாள் விசாரித்துப் பார்த்த டிராஃப்ட்ஸ்மேன், நாலாம் நாள் நாவல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அதிகாரி நாலு பக்கம் படித்தார். மூடினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரிய வேண்டாம். உங்க வரைபடத்து அளவுப்படி போய்ப் பார்த்தா அந்த இடம் வெறும் பொட்டல். நேத்துதான் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்காங்க."

"அங்கே ஆறே இல்லையே சார்."

"பாலம் முதல்ல வரட்டும்."

டிராஃப்ட்ஸ்மேன் வெளியே வந்து, தபால் பிரிவு அம்மாளின் மேஜை அருகே பொத்தென்று உட்கார்ந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டே மாதம் இருந்த அந்த அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். டிராஃப்ட்ஸ்மேன் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை அம்மாள் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை.

"இதுக்கா இப்படிக் கலங்குறீங்க?" என்றார் பிறகு. "உங்களுக்கு முன்னாடி இருந்த டிராஃப்ட்ஸ்மேனும் கதை எழுதுறேன்னு இல்லாத ஊர் ஒண்ணை வரைஞ்சு மாட்டிக்கிட்டு, இதே இடத்துல உட்கார்ந்துதான் அழுதாரு. இப்ப நீங்க வீடு கட்டிக் குடியிருக்கீங்களே, அது அந்த ஊர்தான்."