நெருப்புப் பெட்டிக்கு மண் கெட்டித்த விவரம்

நாரணாபுரம்
ஆடி மாதம், சனிக்கிழமை காலை

மரியாதைக்குரிய மச்சான் மாரிசாமி அவர்கள் சமூகத்திற்கு,

நாரணாபுரத்திலிருந்து சங்கிலிமுத்து எழுதிக்கொண்டது. நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் அரை மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை கால் முழுசாக இருக்கிறது, மூக்கில் புகை வாடை இன்னும் போகவில்லை, மற்றபடி இருக்கிறோம். மல்லாங்கிணற்றில் தாங்களும் தங்கச்சி பொன்மணியும் மருமகள் சினேகாவும் நலம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் தாங்கள் பதில் போடப்போவதில்லை. ஒன்பது வருஷமாக என்னோடு பேச்சு இல்லை. போன் அடித்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடுதாசியை அப்படி வைத்துவிட முடியாது, கிழிப்பதற்காவது கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விஷயம் என்னைப் பற்றியது இல்லை, உங்கள் மருமகன், என் மகன் முனியராஜைப் பற்றியது.

அவன் கத்தாரில் ஓட்டலில் கறிப்பிரிவில் நாலு வருஷம் இருந்தது தங்களுக்குத் தெரியும். அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள், பங்குனியில் வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை, சிவகாசி ரோட்டில் புகைபோட்ட கறிக்கடை வைக்கப்போகிறேன் என்றான். அதற்கு ஒரு அடுப்பு வேண்டும், விலைக்கு வாங்குகிற அடுப்பு இல்லை, நாமே செய்வது என்று இரண்டு எண்ணெய் டிரம்மைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் போட்டு வெல்டிங் வைக்க ஆரம்பித்தான். பெரிய டிரம்மைப் படுக்கப்போட்டு அதற்குள் கறி, பக்கத்தில் ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு நெருப்புப் பெட்டி. நெருப்பு கறியைத் தொடக்கூடாதாம், சூடும் புகையும் மட்டும்தான் உள்ளே போக வேண்டுமாம், அப்படியே எட்டு மணி நேரம். விறகுக்கு நம் கண்மாய்க்குள் கிடக்கிற சீமைக்கருவேல முள்ளுதான் உசத்தியாம், வெளிநாட்டில் அதைப் பாக்கெட் போட்டு விற்கிறார்களாம். இந்த மரத்தை ஒழிக்கச் சொல்லி இரண்டு தடவை சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தவன் நான்.

எட்டு மணி நேரம் நெருப்பு என்று கேட்டதும் நான் முதல் வேலையாக இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து வைத்தேன். முப்பத்தொரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து, வாசலிலேயே எல்லார் இடுப்பையும் தடவி, பீடி தீப்பெட்டி செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டவன். என் வீட்டில் கரண்ட் அடுப்பு. சாமி படத்துக்குக்கூட பல்புதான். ஆனாலும் அவனைத் தடுக்கவில்லை, ஏனென்றால் முதல் நாளே அவன் சொல்லிவிட்டான். “எப்பா, ஆடி முடியிறதுக்குள்ள இது சரிவரலைன்னா நான் கம்பெனிக்குப் போயிருதேன். மருந்து கலக்குற ரூமுக்கு ஆள் கேக்குறாக, சீசன் ஆர்டர் தலைக்கு மேல கெடக்காம்.” அந்த ரூம் எந்த ரூம் என்று தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் தங்கை வள்ளித்தாய் கடைசியாக உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்த ஷெட்டுக்கு அடுத்த ரூம். அந்த ரூமுக்குள் இவன் போகாமல் இருக்க எட்டு மணி நேரம் என்ன, எட்டு நாள் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்று முடிவு செய்தேன்.

அடுப்பு முடிந்தது, ஆனால் சூடு நிற்கவில்லை. டிரம் தகரம் மெல்லிசு, ஆடிக்காற்று இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் சூடு ஓடிவிடுகிறது. சூடு காட்டுகிற மீட்டரில் நூற்றுப்பத்து டிகிரியில் நிற்க வேண்டிய முள் எழுபதுக்கு ஏறி, என் ஆயுள் மாதிரி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சுமை விறகு ஒரு மணி நேரத்தில் சாம்பல், கறி வெளியே கரி, உள்ளே வெட்டினால் ஆடு இன்னும் உயிரோடு இருக்குமோ என்று சந்தேகம். “பயர்பாக்ஸைச் சுத்தி எதையாச்சும் போர்த்தணும்பா, சூடு வெளிய போகக் கூடாது” என்றான். செராமிக் பஞ்சு என்று ஒன்றுக்கு ஆர்டர் போட்டான், அது பதினெட்டு நாளாக மதுரையிலேயே நிற்பதாகப் போன் சொல்கிறது. சரி, நெருப்பு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஈரச்சாக்கு, அதைச் சுற்றினேன், இருந்த சூடும் அவிந்து கறி இட்லி மாதிரி வெந்தது. அடுத்து ஒரு அச்சாபீஸ் கழிவில் காலண்டர் அட்டை மூட்டை மூட்டையாகக் கிடந்ததே என்று வாங்கிவந்து சுற்றி மேலே தகரம் கட்டினோம். அட்டை உள்ளுக்குள்ளேயே கனன்று கறி முழுக்க அச்சு மை நாற்றம், தகரத்தைப் பிரித்தால் வரிசையாக முருகன் முகம் பாதி வெந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு ராக்காயி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம்தான் மச்சான் எனக்கு அந்த யோசனை வந்தது, வராமலே இருந்திருக்கலாம். நெருப்புப் பெட்டிக்கு வெளியே இன்னொரு தகரம் சுற்றி, இடையில் நாலு விரல் அகலம் இடம் விட்டு, அதில் கண்மாய்க் களிமண்ணும் உமிச்சாம்பலும் கலந்து இடித்து இறுக்கிக் கெட்டிப்பது. வெடிக்குழாய்க்கு அடியில் மண் கெட்டிப்பதில் எனக்கு மிஞ்சி இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று தாங்களே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறீர்கள், என்னோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில். மூன்று தரம் சலித்துப் பிசைந்து கட்டையால் இடித்து இடித்து நாலு நாள் கெட்டித்தேன். முனியராஜ் மேலே வளையத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து மூடினான், விரல் போகிற அளவுக்கு இரண்டு ஓட்டை மட்டும் விட்டான். “எப்பா, மண்ணு ஈரமா இருக்கு, ஆவி வெளியேறணும். அந்த ரெண்டு ஓட்டையையும் ஒண்ணும் செஞ்சிறாதீக” என்று சொல்லிவிட்டு ஆட்டுத்தொடை வாங்கப் போனான். நானும் தலையை ஆட்டினேன்.

அவன் போனபிறகு அந்த ஓட்டைகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கெட்டித்து மூடின சாமானில் ஓட்டை இருந்தால் அது திரி வைக்கிற ஓட்டை, முப்பத்தொரு வருஷத்தில் வேறு எதற்கும் ஓட்டை நான் பார்த்ததில்லை. அதுவும் ஒன்றுக்கு இரண்டு. உள்ளே நெருப்பு வைக்கப்போகிறோம், ஓட்டை வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்க்கிறது, எப்படி மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? மண்ணை உருட்டி இரண்டையும் அடைத்து, குழாய் வெட்டும்போது கத்தி பட்டுத் தழும்பான இந்தப் பெருவிரலால் நன்றாக அழுத்திவிட்டேன். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

வியாழக்கிழமை காலை நெருப்பு வைத்தோம். முள் மளமளவென்று ஏறி நூற்றுப்பத்தில் போய் நின்றது, நின்றது நின்றதுதான். முனியராஜ் சிரித்தான், ஊருக்கு வந்ததிலிருந்து அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு வெடித்தது. ஆவி போக வழியில்லாமல் வெளித்தகரத்தைப் பிய்த்து ராக்காயி வீட்டு ஆட்டுக் கொட்டகை மேல் போட்டுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பகலில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை, எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். தெரு மொத்தமும் கம்பெனிப் பக்கம் ஓடியது. ராக்காயிக்கு இரண்டு மகளும் அங்கேதான் வேலை, கையில் சோற்றுக்கரண்டியோடு, “எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனி” என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். கம்பெனிக்குள் இருந்த பொம்பளைகள் ஷெட்டை விட்டு முள்வேலியைத் தாண்டி ஊரைப் பார்த்து ஓடிவந்தார்கள். நடுவழியில் இரண்டு கூட்டமும் சந்தித்து, அவரவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அப்படியானால் வெடித்தது எது என்று முழித்தார்கள். நானும் ஓடினேன் மச்சான். என் கண்முன்னால் என் அடுப்புதான் வெடித்தது, எனக்குத் தெரியும், இருந்தாலும் கால் கம்பெனிப் பக்கம் ஓடிவிட்டது. பாதி வழியில்தான் வள்ளித்தாய் அங்கே இல்லை என்பது ஞாபகம் வந்தது, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தீயணைப்பு வண்டியும் வந்தது. இறங்கின ஆபீசர் “எந்தக் கம்பெனிங்க?” என்றார். “கம்பெனி இல்லைங்க, ஆட்டுத்தொடை” என்றேன். பெரிய டிரம்மைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். சாயங்காலம் ஊர் கூடியது. நாட்டாமை முத்துப்பாண்டி கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஏலே முனியராஜ், உம்மேல எங்களுக்குக் கோவம் இல்லலே. ஆனா எங்க பொம்பளையாளுக இன்னொருக்கா அந்த ஓட்டம் ஓடக் கூடாது. தெருவுக்குள்ள நெருப்பு வேண்டாம்” என்றார். முனியராஜ் எழுந்து, “என் வெல்டிங்தான் தப்பு. இனிமே இத நான் தொடல. திங்க விட்டு அடுத்த திங்க கம்பெனிக்குப் போறேன்” என்றான். அவன் வெல்டிங்கில் ஒரு தப்பும் இல்லை. ஓட்டையை அடைத்தவன் அவனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அதைச் சொல்ல எழுந்து நிற்கக்கூடப் பார்த்தேன் மச்சான், ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கும் இப்படித்தான். லோடு போக வேண்டும், ஆள் பத்தவில்லை என்று லீவில் இருந்த வள்ளித்தாயை நான்தான் கூட்டிப்போனேன், அந்த வெடியிலிருந்து அவள் திரும்பி வரவில்லை. தாங்கள் என்னோடு பேசாமல் இருப்பது நியாயம், அதை மாற்றச் சொல்லவில்லை. என் மகன் நான் சொன்னால் கேட்க மாட்டான், சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பான். அடுத்த திங்கட்கிழமைக்குள் ஒரு நடை வந்து அந்த ரூமுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டுப் போங்கள். என்னோடு பேச வேண்டாம், நீங்கள் வருகிற அன்று நான் சாத்தூருக்கு எங்காவது போய்விடுகிறேன்.

தங்கச்சி பொன்மணிக்கு என் அன்பையும், மருமகள் சினேகாவுக்கு நல்ல இடத்தில் நல்லபடியாக அமைய என் ஆசியையும், தங்கள் கோபத்துக்கு என் கும்பிடையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்
சங்கிலிமுத்து

பின்குறிப்பு, திங்கட்கிழமை மத்தியானம்: சனிக்கிழமை ஒட்டின கவரை இப்போது பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதினதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள்ளவும். நேற்று முனியராஜ் அடுப்பைப் பிரிக்கப் போனவன், வெளித்தகரம் போன பிறகும் நான் கெட்டித்த மண் விடாமல் செங்கல்லாக வெந்து நிற்பதைப் பார்த்திருக்கிறான். நாட்டாமையிடம் கேட்டு, வண்டியில் வைத்துக் கண்மாய்க் கரைக்கு இழுத்துப் போனான், சுற்றிலும் வைக்க நாலு வாளித் தண்ணீரோடு நானும் போனேன். முள் நூற்றுப்பத்தில் எட்டு மணி நேரம் அசையவில்லை. ராக்காயி முதல் துண்டைத் தின்றுவிட்டு இரண்டாவது துண்டு கேட்டாள். இன்று காலையில் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து வெந்துபோன இரண்டு மண் அடைப்பை எடுத்து என் கையில் வைத்தான். இரண்டிலும் என் பெருவிரல் ரேகை, நடுவில் தழும்பு. கொட்டகை மேல் விழுந்த தகரத்தின் ஓட்டைகளிலிருந்து அன்றே எடுத்திருக்கிறான், ஊர் கூடினபோதே இது அவன் பையில் இருந்திருக்கிறது. ஏன்டா அங்கே சொல்லவில்லை என்றேன். “அம்மா விசயத்துல ஊரு உங்களச் சொன்னது போதும்பா” என்றான்.

அதனால் புத்தி சொல்ல வர வேண்டியதில்லை. சும்மா வாருங்கள், உமிச்சாம்பல் இரண்டு மூட்டை கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். நான் சாத்தூருக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். ஒரு தொடை உங்களுக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் வேறு எதுவும் பேச வேண்டாம் மச்சான், தின்றுவிட்டு உப்புக் குறைச்சல் என்று மட்டும் சொல்லுங்கள்.